ஆக்ஸ்போர்டில் வெளியாட்கள்

1710-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஆக்ஸ்போர்டுக்கு வந்த ஊஃபன்பாக் என்னும் ஜெர்மானியப் பயணி, பல்கலைக்கழகத்தின் அஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் தாம் கண்ட கூட்டத்தைப் பற்றி மிகுந்த எரிச்சலோடு நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். அன்று சந்தை நாள். சந்தைக்கு வந்த கிராமத்தார் அப்படியே அருங்காட்சியகத்திற்குள்ளும் நுழைந்து, கண்ணில் பட்டதையெல்லாம் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆறு பென்ஸ் கொடுத்தால் பெண்களைக்கூட மேலே விட்டுவிடுகிறார்களே என்பது அவருடைய பெரிய மனக்குறை. போட்லியன் நூலகத்திலும் அவருக்கு நிம்மதி கிடைக்கவில்லை. குடியானவர்களும் பெண்களும் வந்து, புதிதாக வைத்த கதவைப் பசுமாடு பார்ப்பதுபோல் நூலகத்தைப் பார்த்து நிற்கிறார்கள் என்றும், அவர்களுடைய காலடிச் சத்தம் மற்றவர்களுக்குத் தொல்லையாக இருக்கிறது என்றும் குறைப்பட்டுக்கொள்கிறார்.

பல்கலைக்கழகத்தில் படிக்காமலும் வேலை பார்க்காமலும் இந்த ஊரில் பல ஆண்டுகளாகக் குடியிருக்கும் எனக்கு அதைப் படித்தபோது கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. அவர் பார்த்த அந்தப் பசுமாட்டின் வாரிசு நான். மாலையில் ஒரு சொற்பொழிவு, ஞாயிறு காலையில் ஒரு கச்சேரி, மழை பெய்கிற சனிக்கிழமையில் ஒரு கண்காட்சி என்று பல்கலைக்கழகம் வெளியாருக்குத் திறந்துவைக்கும் கதவுகள் வழியாகவே இந்த ஊரை அறிந்துகொண்டேன். அவற்றின் பழைய கதைகளைத் தேடிப் படிக்கப் படிக்க எனக்குப் புலப்பட்டது ஒன்றுதான்: கதவு திறக்கப்பட்ட ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் முகம் சுளித்திருக்கிறார், அன்று உள்ளே என்ன நடந்தது என்பதை அந்த முகச்சுளிப்பே நமக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

அஷ்மோலியன் 1683-இல் திறக்கப்பட்டது. டிரடெஸ்கண்ட் என்னும் தந்தையும் மகனும் லண்டனை அடுத்த லாம்பெத்தில் சேர்த்துவைத்திருந்த அரும்பொருள்கள் எலியாஸ் அஷ்மோலின் கைக்கு வந்து, அவர் பல்கலைக்கழகத்திற்குக் கொடுத்ததால் உருவான அருங்காட்சியகம் அது. தந்தையும் மகனும் தோட்டக் கலைஞர்கள். அவர்கள் சேர்த்தவற்றில் ஒரு டோடோப் பறவையும் இருந்தது. அதன் தலையும் காலும் மட்டும் எஞ்சி, இன்று பல்கலைக்கழகத்தின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அன்றைக்கு ஆறு பென்ஸ் என்பது உழைத்துப் பிழைக்கிறவருக்குச் சின்னத் தொகையாக இருந்திருக்காது. இன்று நிரந்தரக் கூடங்களைப் பார்க்கக் கட்டணம் இல்லை, சிறப்புக் கண்காட்சிகளுக்கு மட்டும் சீட்டு வாங்க வேண்டும். பெண்களை அருங்காட்சியகத்திற்குள் விடுவதா என்று அந்தப் பயணி வருந்தியதற்கு இருநூற்றுப் பத்து ஆண்டுகள் கழித்து, 1920-இல்தான் இந்தப் பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் கொடுக்கத் தொடங்கியது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

கச்சேரிகளின் கதை இன்னும் சுவையானது. ஷெல்டோனியன் அரங்கு 1664-க்கும் 1669-க்கும் இடையில் கிறிஸ்டோபர் ரென் கட்டியது. அப்போது அவர் இங்கே வானியல் பேராசிரியராக இருந்தார். பட்டமளிப்பு விழாக்களின் ஆரவாரம் தேவாலயத்திற்குள் நடப்பது முறையல்ல என்று கருதிய பேராயர் கில்பர்ட் ஷெல்டன் தம் பணத்தில் எழுப்பிய கட்டடம் அது. பழைய ரோமாபுரியின் திறந்தவெளி அரங்கை மாதிரியாகக் கொண்ட ரென், இங்கிலாந்தின் மழைக்கு அது ஒத்துவராது என்பதால் நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் கூரை போட்டு, அதன் அடியில் திறந்த வானத்தையே ஓவியமாக வரையவைத்தார். மேல் மாடத்து மரப் பலகைகளில் உட்கார்ந்தால் அந்த வானம் தலைக்கு மேலே கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோல் தோன்றும். பலகைகளுக்குச் சாய்மானம் கிடையாது. பின்வரிசைக்காரரின் முழங்கால் நம் முதுகில் இடிக்கும், நம் முழங்கால் முன்வரிசைக்காரரின் முதுகில் இடிக்கும். இரண்டு மணி நேரக் கச்சேரியின் இடைவேளையில் வயது வேறுபாடு இல்லாமல் எல்லாரும் எழுந்து நின்று இடுப்பைப் பிடித்துக்கொள்வதை அங்கே பார்க்கலாம்.

1733-ஆம் ஆண்டு ஜூலையில் அந்த அரங்கில்தான் இசையமைப்பாளர் ஹேண்டல் தம்முடைய 'அத்தாலியா' என்னும் இசைப் படைப்பை முதன்முதலாக அரங்கேற்றினார். ஆக்ஸ்போர்டில் அப்போது வாழ்ந்த தாமஸ் ஹெர்ன் என்னும் அறிஞருக்கு அது அறவே பிடிக்கவில்லை. ஹேண்டலையும் அவரோடு வந்த அயல்நாட்டுப் பிடில்காரர்களையும் பேன் பிடித்த கும்பல் என்கிற தொனியில் நாட்குறிப்பில் திட்டித் தீர்த்திருக்கிறார். சீட்டு ஐந்து ஷில்லிங் என்பது ஒரு குறை. ஒரு பென்னிகூடப் பெறாத பாட்டுப் புத்தகத்தை ஒரு ஷில்லிங்குக்கு, அதாவது பன்னிரண்டு மடங்குக்கு, விற்கிறார்கள் என்பது இன்னொரு குறை. ஹெர்ன் அரசருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்ததால் போட்லியன் நூலகப் பதவியை இழந்து, பல்கலைக்கழகத்தின் வாசலுக்கு வெளியே நின்றவர் என்பது தெரிந்தால் அவருடைய வயிற்றெரிச்சல் கொஞ்சம் புரியும். ஆனாலும், அன்று சீட்டு என்ன விலை, புத்தகம் என்ன விலை என்று நமக்கு இன்று தெரிவதற்கு அந்த வயிற்றெரிச்சலே காரணம். 1791-இல் ஹைடன் இதே அரங்கிற்கு வந்து கௌரவ டாக்டர் பட்டம் பெற்றபோது அப்படி யாரும் திட்டியதாக நான் படித்ததில்லை. அப்போது வாசிக்கப்பட்ட அவருடைய 92-ஆவது சிம்பொனிக்கு, பாரிசுக்காக எழுதப்பட்டிருந்தபோதும், ஆக்ஸ்போர்டின் பெயரே நிலைத்துவிட்டது.

சிறிய கச்சேரிகளுக்கு ஹோலிவெல் இசைக்கூடம் இருக்கிறது. 1748-இல் திறக்கப்பட்ட இதை, கச்சேரிக்கென்றே ஐரோப்பாவில் கட்டப்பட்ட முதல் கூடம் என்று சொல்வார்கள். இருநூறு பேர் அளவில் உட்காரலாம். ஞாயிற்றுக்கிழமை காலை நால்வர் குழுக் கச்சேரிகளில் செல்லோக்காரர் பக்கம் திருப்புவதற்கு முன் மூச்சை இழுத்துக்கொள்வதுகூடக் கேட்கும். எனக்கு ஷெல்டோனியனைவிட இதுவே பிடிக்கும். பெரிய அரங்கில் இசையைப் பார்க்கிறோம், இங்கேதான் கேட்கிறோம்.

சொற்பொழிவுகளுக்கு வருகிறேன். நம்மூர்ப் பல்கலைக்கழகங்களில் அறக்கட்டளைச் சொற்பொழிவு என்று எதைச் சொல்கிறோமோ, அதே ஏற்பாடுதான் இங்கும்: ஒருவர் மூலதனம் வைத்துவிட்டுப் போகிறார், அதன் வட்டியில் ஆண்டுதோறும் ஒருவர் வந்து பேசுகிறார். 1892-இல் தொடங்கிய ரோமானிஸ் சொற்பொழிவை முதலில் நிகழ்த்தியவர் அப்போது பிரதமராக இருந்த கிளாட்ஸ்டன். இன்னும் பழையது 1708-இல் ஏற்படுத்தப்பட்ட கவிதைப் பேராசிரியர் பதவி. பட்டதாரிகள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் அந்தப் பேராசிரியரின் முக்கியக் கடமை பருவத்துக்கு ஒரு பொதுச் சொற்பொழிவு நிகழ்த்துவது. ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் அது இலத்தீனில்தான் நடந்தது. 1857-இல் பதவிக்கு வந்த மேத்யூ ஆர்னால்டுதான் முதன்முதலில் ஆங்கிலத்தில் பேசினார். கட்டணம் இல்லை, கதவும் திறந்திருந்தது, ஆனால் உள்ளே போனால் ஒன்றும் விளங்காது என்கிற நிலைமை அதுவரை நீடித்திருக்கிறது. துறைக் கருத்தரங்குகள் சிலவற்றில் இன்றைக்கும் எனக்கு அந்த அனுபவம் உண்டு, இத்தனைக்கும் பேச்சு ஆங்கிலத்தில்தான்.

டார்வினின் பரிணாமக் கொள்கையைப் பற்றி, அதை ஆதரித்த உயிரியலாளர் ஹக்ஸ்லியும் எதிர்த்த ஆயர் வில்பர்ஃபோர்ஸும் மோதிக்கொண்ட 1860 ஜூன் 30 கூட்டத்தைப் பலரும் அறிவார்கள். பிரிட்டிஷ் அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் அந்தக் கூட்டத்திற்குப் பல்கலைக்கழகம் தன்னுடைய புத்தம் புதிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைக் கொடுத்திருந்தது. எழுநூறு பேருக்கு மேல் திரண்டதால் சொற்பொழிவு அறை போதாமல், மேல்தளத்துப் பெரிய அறைக்குக் கூட்டத்தை மாற்றினார்கள். ஆனால் அன்றைய சொற்பொழிவாளர் இந்த இருவருமே அல்லர். நியூயார்க்கிலிருந்து வந்த டிரேப்பர் என்னும் பேராசிரியர் ஒரு மணி நேரத்திற்கும் மேலாகக் கட்டுரை வாசித்தார். அவர் என்ன சொன்னார் என்பதை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. அதற்குப் பின் நடந்த வாக்குவாதம்தான் வரலாறானது. அதிலும் யார் எந்தச் சொல்லைச் சொன்னார் என்பதற்கு அன்றே எடுத்த முழுமையான பதிவு கிடையாது. பிற்காலத்து நினைவுகளை நம்பியே பேசுகிறோம். பொதுச் சொற்பொழிவுக்குப் போகிறவர்கள் கேள்வி நேரத்திற்கு முன் எழுந்து போகக் கூடாது என்று நான் நண்பர்களிடம் வற்புறுத்துவதற்கு டிரேப்பர்தான் காரணம்.

நம்மவர் ஒருவரும் இந்த வரிசையில் உண்டு. திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணன் 1926-இல் இங்குள்ள மான்செஸ்டர் கல்லூரியில் இந்து வாழ்க்கை நோக்கைப் பற்றி ஆற்றிய சொற்பொழிவுகள் மறுவருடம் நூலாக வந்தன. 1930-இல் தாகூர் பேசியதும் அதே கல்லூரியில்தான். அந்தக் கல்லூரியே வெளியாட்களின் கல்லூரி. ஆங்கிலத் திருச்சபையைச் சேராதவர்களைப் பல்கலைக்கழகம் ஒதுக்கிவைத்திருந்த காலத்தில் வேறு ஊரில் அவர்களுக்காக உருவாகி, தடை நீங்கிய பிறகு 1889-இல் ஆக்ஸ்போர்டுக்கு வந்து சேர்ந்தது. ராதாகிருஷ்ணன் பேசியபோதும் அது பல்கலைக்கழகத்தின் முழுமையான உறுப்பாக இல்லை. பத்து ஆண்டுகள் கழித்து, 1936-இல், பல்கலைக்கழகமே அவரைக் கீழைச் சமயங்களுக்கான பேராசிரியராக அழைத்துக்கொண்டது.

ஒரு சொற்பொழிவு முடிந்த பிறகு என்ன மிஞ்சும் என்பதற்குப் பிராட் தெருவில் ஒரு சான்று இருக்கிறது. 1683-இல் அஷ்மோலியனுக்காகக் கட்டிய பழைய கட்டடம் இன்று அறிவியல் வரலாற்று அருங்காட்சியகம். அங்கே ஒரு கரும்பலகை தொங்குகிறது. 1931 மே 16 அன்று ரோட்ஸ் இல்லத்தில் ஐன்ஸ்டைன் ஜெர்மன் மொழியில் சொற்பொழிவாற்றியபோது அவர் சுண்ணக்கட்டியால் எழுதிய சமன்பாடுகள் அழிக்கப்படாமல் அப்படியே இருக்கின்றன. பேரண்டம் விரிவதைப் பற்றிய பேச்சு அது. கடைசி வரிகளில் பேரண்டத்தின் அடர்த்தி, ஆரம், வயது மூன்றையும் கணக்கிட்டிருக்கிறார். வயது என்பதற்கு நேராகப் பத்தின் பத்தாம் அடுக்கும், அடைப்புக்குறிக்குள் பதினோராம் அடுக்கும் இருக்கின்றன. ஆயிரம் கோடி ஆண்டுகள், அல்லது பத்தாயிரம் கோடி. இன்று ஏற்கப்படும் கணக்கு 1,380 கோடி. அந்த எழுத்து அவசரமானது, சாய்ந்தது, நம் கணக்கு வாத்தியார் எழுத்தைப் போலவே இருக்கிறது. இன்னொரு பலகையும் காப்பாற்றப்பட்டதாகவும், கிடங்கில் இருந்தபோது யாரோ அதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டதாகவும் சொல்கிறார்கள்.

இன்றைய அஷ்மோலியன் பியூமாண்ட் தெருவில் இருக்கிறது. அங்கு நான் அதிக நேரம் நின்றது வாளும் கேடயமும் ஏந்திய ஒரு வெண்கலத்தின் முன்னால். 16-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தத் திருமங்கையாழ்வார் திருமேனியை 1967-இல் லண்டனில் நடந்த ஒரு ஏலத்தில் அருங்காட்சியகம் வாங்கியது. கும்பகோணத்தை அடுத்த சுந்தரபெருமாள் கோவில் என்னும் ஊரின் சௌந்தரராஜப் பெருமாள் சன்னிதியில் அதே திருமேனி இருந்ததைக் காட்டும் 1957-ஆம் ஆண்டுப் புகைப்படம் ஒன்று புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் சேகரிப்பில் கிடைத்தது. ஓர் ஆய்வாளர் இதைச் சுட்டிக்காட்ட, அருங்காட்சியகமே 2019 டிசம்பரில் இந்தியத் தூதரகத்திற்குத் தகவல் தெரிவித்தது. இந்தியா முறைப்படி கோரியதும், 2024 மார்ச்சில் பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழு அக்கோரிக்கையை ஏற்றது. வழிப்பறி செய்து அடியார்க்கு அமுதளித்த ஆழ்வாரையே ஒருவர் களவாடினார் என்பதை நினைத்துச் சிரிப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை. கண்ணாடிப் பேழைக்குள் இருப்பது எப்படி வந்தது என்று கேட்கிறவர்கள் வெளியாட்களாகவே பெரும்பாலும் இருக்கிறார்கள். இலவசக் கண்காட்சி என்பதற்குப் பல்கலைக்கழகம் கொடுக்கும் விலையில் இதுவும் சேர்த்தி. கொடுப்பது நியாயம் என்றே நான் நினைக்கிறேன்.

அந்தக் கேள்வி புதுக் கட்டடங்களையும் விடுவதில்லை. ஐந்நூறு இருக்கைகள் கொண்ட கச்சேரி அரங்கோடு 2025-இல் திறக்கப்பட்ட ஷ்வார்ஸ்மன் மானிடப் பண்பியல் மையத்திற்கு (இலக்கியம், வரலாறு, தத்துவம் போன்ற துறைகளுக்கானது), அமெரிக்க முதலீட்டாளர் ஒருவர் 15 கோடி பவுண்டு தருவதாக 2019-இல் அறிவிப்பு வந்தபோது, மறுமலர்ச்சிக் காலத்திற்குப் பிறகு பல்கலைக்கழகம் பெற்ற மிகப் பெரிய ஒற்றை நன்கொடை இது என்று சொன்னார்கள். அந்தப் பணம் வந்த வழி சரிதானா என்று கேட்டு ஆசிரியர்களும் மாணவர்களும் எதிர்ப்புக் கடிதம் எழுதினார்கள். கில்பர்ட் ஷெல்டனின் பணத்தைப் பற்றி இப்படி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இன்று கேட்டவர்களில் சிலர் இந்தப் புதிய அரங்கிற்குக் கச்சேரி கேட்கவும் வருவார்கள். அதில் முரண்பாடு எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஹெர்னும்தான் பாட்டுப் புத்தகத்தின் விலையைத் தெரிந்துவைத்திருந்தார்.