வேலாத்தாவின் முறம்

ஜூன் 9, ஞாயிறு

இன்றைக்குப் பகடையில் விழுந்தவை: 16, 14, 13, 11, 10, 7.

நாலு மாசமாக ஞாயிறு மதியம் கோயம்புத்தூர் சாயிபாபா காலனியில் நண்பர் வீட்டு மாடி அறையில் கூடி ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆடுகிறோம். மொத்தம் ஐந்து பேர். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட ஆட்டம். ஒருவர் கதையை நடத்துவார், அவர்தான் டிஎம். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவோம். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வரும் இடத்தில் மட்டும் பகடை. எங்கள் டிஎம் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் பையன். என்னை “அக்கா” என்றுதான் கூப்பிடுவான். நாங்கள் ஆடுவது 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு விதிகள்.

இதுவரை அவன் தயார் செய்து கொடுத்த பாத்திரத்தை வைத்து ஆடினேன். அந்தக் கதை போன வாரம் முடிந்தது. அடுத்ததற்கு நானே ஒருத்தியை உருவாக்க வேண்டும். ஆறுமுகப் பகடை நாலை உருட்டி, இருப்பதிலேயே சிறியதைத் தள்ளிவிட்டு மற்ற மூன்றையும் கூட்ட வேண்டும். இப்படி ஆறு தடவை. 18 விழுவதற்கு 1296-இல் 21 வழிதான். எனக்கு 16 விழுந்ததே போதும்.

பஸ்ஸில் திரும்பும்போதே முடிவு செய்துவிட்டேன். எங்க அமுச்சியை, அம்மாவைப் பெற்றவளைத்தான் செய்யப்போகிறேன். பெயரை மட்டும் மாற்றி, வேலாத்தா.

ஜூன் 12, புதன்

ஆபீஸிலிருந்து வந்ததும் பென்சிலும் அழிரப்பரும் எடுத்து உட்கார்ந்தேன். பலம், சுறுசுறுப்பு, உடல்திடம், புத்தி, விவேகம், வசீகரம் என்று ஆறு கட்டங்கள். ஆறு எண்களையும் அவற்றில் பிரித்துப் போட வேண்டும்.

விவேகத்துக்கு 16. அதில் யோசிக்க ஒன்றுமில்லை. எங்கள் ஊர்ப்பக்கம் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழக்கம் வருவதற்கு முன்னால் அமுச்சிதான் பிரசவம் பார்த்தாள். வயிற்றில் கையை வைத்ததும் குழந்தை எப்படித் திரும்பியிருக்கிறது என்று சொல்லிவிடுவாள். அதனால் வேலாத்தா ‘கிளெரிக்’, அதாவது கும்பிடும் சாமியின் அருளால் மந்திரம் போடுகிறவள். அதிலும் உயிர் காக்கும் பிரிவு.

சிக்கல் 7-இல்தான் வந்தது. கை தானாகப் புத்திக் கட்டத்துக்குப் போனது. அமுச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது, கைநாட்டுதான். 7 என்று எழுதியும் விட்டேன். எழுதினதைப் பார்க்கப் பார்க்க மனசு ஒப்பவில்லை.

விதிப்புத்தகத்தைத் திரும்ப எடுத்துப் படித்தேன். அதில் புத்தி என்பது ஞாபகசக்தி, காரணகாரியம் பார்க்கும் திறமை. பால்காரர் கணக்கை மாசம் முழுக்க மனசிலேயே வைத்திருந்து, முப்பதாம் தேதி நாலணா பிசகாமல் சொன்னவள் அவள். தான் பார்த்த பிரசவத்தில் எந்தக் குழந்தை எந்தக் கிழமை, எந்த நட்சத்திரம் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வாள். படிக்க வைக்காமல் விட்டது வீட்டார். அதை அவள் கணக்கில் குறையாக எழுத நான் யார்?

அழித்தேன். தாள் லேசாகக் கிழிந்துவிட்டது, பரவாயில்லை. புத்திக்கு 14. உடல்திடத்துக்கு 13, வசீகரத்துக்கு 11, பலத்துக்கு 10. அந்த 7 சுறுசுறுப்புக்குப் போனது. எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் அவளுக்கு முட்டிவலி. மனித இனம் என்றால் ஒவ்வொன்றிலும் ஒன்று கூடும் என்பதால் கடைசியில் விவேகம் 17, புத்தி 15, சுறுசுறுப்பு 8. ‘எழுதப் படிக்கத் தெரியாது’ என்பதைத் தனியாகக் கீழே ஒரு வரியில் எழுதிவைத்தேன்.

ஜூன் 15, சனி

ரொட்டி கெட்டுப்போனது.

நாளைக்கு எடுத்துப்போகலாம் என்று காலையிலேயே பிசைந்தேன். மைதா 400 கிராம், கோதுமை மாவு 100, தண்ணீர் 325, ஸ்டார்ட்டர் 100, உப்பு 10. ஈஸ்ட் போடுவதில்லை. மாவையும் தண்ணீரையும் கலந்து தினம் கொஞ்சம் எடுத்துவிட்டுப் புது மாவு போட்டு வளர்த்த ஸ்டார்ட்டர், போன தீபாவளியிலிருந்து என்னிடம் இருக்கிறது. மாவிலேயே இருக்கும் காட்டு ஈஸ்டும் லாக்டிக் அமில பாக்டீரியாவும் சேர்ந்துதான் உப்ப வைக்கின்றன. இட்லி மாவு பொங்குவதும் கிட்டத்தட்ட இதே சங்கதிதான், அங்கே பெரும்பாலான வேலையை பாக்டீரியாவே செய்துவிடும்.

மே மாசம் நாலு மணி நேரத்தில் இரட்டிப்பான மாவு. அதே கணக்கில் இன்றைக்கும் சட்டியில் போட்டுவிட்டேன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வந்து ஒரு வாரம் ஆகிறது, வீடே ஜில்லென்று கிடக்கிறது என்பதை மறந்தேன். மேலே நல்ல நிறம் வந்தது. அறுத்தால் உள்ளே களி மாதிரி, கத்தியில் ஒட்டுகிறது. நடுவில் ஒரே ஒரு பெரிய பொந்து, சுற்றிலும் கெட்டி. அம்மா ஒரு துண்டு எடுத்துத் தோசைக்கல்லில் நெய் விட்டு வாட்டிச் சாப்பிட்டார். “நல்லாத்தான் இருக்குது கண்ணு” என்றார். இல்லை என்று எங்கள் இருவருக்குமே தெரியும்.

அமுச்சி உளுந்து ஆட்டினால் கடிகாரம் பார்த்ததில்லை. விரலால் தொட்டு, முகர்ந்து, “இன்னும் வரல” என்பாள், அல்லது “வந்துருச்சு” என்பாள், அவ்வளவுதான்.

ஜூன் 16, ஞாயிறு

மழைத்தூறல். டிஎம்மிடம் வேலாத்தாவின் தாளைக் காட்டினேன். நன்றாகப் படித்துப் பார்த்துவிட்டு, “அக்கா, இந்தப் பிரிவுக்குக் கனமான இரும்புக் கவசமே போடலாம். ஏன் எடுக்கல?” என்றான்.

நூல்சேலை கட்டின கிழவி கவசம் போடமாட்டாள் என்றேன்.

“அப்ப உங்களை அடிக்க எதிரிக்கு 9 விழுந்தாலே போதும். உயிர்ப்புள்ளி பத்துதான் இருக்கு. முதல் சண்டையிலயே போயிடுவீங்க.”

கேடயம் எடுத்தால் அந்த 9-உடன் இரண்டு கூடும். ஆனால் அவள் கையில் என்ன கேடயம்? எல்லோரும் யோசித்தோம். பேங்கில் வேலை செய்கிற நண்பர்தான் சொன்னார்: “முறம். நம்ம பொம்பளைங்க முறத்தால புலியை விரட்டினதாத்தானே சொல்றோம்?”

டிஎம் ஒரு நிமிஷம் யோசித்து, சரி என்றான். விதிப்படி அது கேடயம்தான், பார்வைக்கு முறம். கை ஆயுதம், ஊன்றுகோல். வீட்டுக்கு வந்து தாளின் ஓரத்தில் முறத்தை வரைந்தேன். மூங்கில் பின்னல், விளிம்பில் வளைத்துக் கட்டின பட்டை, சாணி மெழுகின பக்கம். அரை மணி நேரம் போனதே தெரியவில்லை.

ஜூன் 21, வெள்ளி

ஸ்டார்ட்டர் பாட்டிலில் ரப்பர் பேண்டு போட்டு உயரம் பார்க்கிறேன். இரட்டிப்பாக ஏழே கால் மணி நேரம்.

ஜூன் 23, ஞாயிறு

ராத்திரியே பிசைந்து, கடிகாரத்தைப் பார்க்காமல், விரலால் அழுத்தின பள்ளம் மெதுவாக மேலே வரும்வரை விட்டேன். சல்லடையில் அப்பாவின் பழைய வேட்டித்துணி, அதன்மேல் அரிசிமாவு தூவி, மாவை அதில் உட்கார வைத்தேன். அரிசிமாவு தூவினால் துணியில் ஒட்டாது. ஓ.டி.ஜி. என்கிற சின்ன மின்சார அடுப்பில் இரும்புச் சட்டியை நன்றாகச் சூடேற்றி 230 டிகிரியில் மூடிபோட்டு 25 நிமிஷம், திறந்து இன்னொரு 20 நிமிஷம். வெளியே எடுத்து வைத்ததும் மேலோடு ஆறும்போது சடசடவென்று சன்னமாகச் சத்தம் கேட்டது. காதைப் பக்கத்தில் வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

வேலாத்தாவுக்கு முதல் ஆட்டம். மலைப்பாதையில் வண்டி போகிறது, ஓநாய்கள் வருகின்றன. என் கையில் 20 முகப் பகடை. உருட்டும் முன்பு இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தேன். அமுச்சி தாயக்கட்டையை அப்படித்தான் தேய்ப்பாள். விழுந்தது 1. “ஐயோ” என்றார்கள். தாயத்தில் ஒன்று விழுந்தால்தான் காயே இறங்கும், அதற்குத்தான் வீடே கத்தும். இந்தப் பகடையில் ஒன்று என்றால் அடி நிச்சயம் தவறும். பழக எனக்கு நாளாகும்.

ஊன்றுகோல் காற்றில் போனது. ஓநாய் கடித்தது. முறம் ஒரு கடியைத் தடுத்தது.

அதற்குள் பேங்க் நண்பரின் திருடன் முன்னால் ஓடி, இரண்டு ஓநாய்க்கு நடுவில் விழுந்துவிட்டான். உயிர்ப்புள்ளி பூஜ்யம். அப்படி விழுந்தவன் தன் முறை வரும்போதெல்லாம் பகடை உருட்ட வேண்டும். பத்தும் அதற்கு மேலும் விழுந்தால் நல்லது, மூன்று தடவை குறைந்தால் செத்தான். அவருக்கு இரண்டு தடவை குறைந்துவிட்டது. நான் ஐம்பது அடி பின்னால், வண்டிப் பக்கம். வேலாத்தா ஒரு முறைக்கு முப்பது அடிதான் நடப்பாள்.

ஆனால் அவளுக்கு ஒரு மந்திரம் இருக்கிறது. தொட வேண்டியதில்லை, அறுபது அடிக்குள் இருந்தால் வாயால் சொன்னால் போதும். என்ன சொல்கிறாள் என்று டிஎம் கேட்டான். நான் யோசிக்கவே இல்லை.

“ஏஞ் சாமி, எந்திரி. வெடியப்போவுது.”

காலையில் எங்களை எழுப்ப அவள் சொல்வது. என் தொண்டை கம்மியது, யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நாலு முகப் பகடையை உருட்டினேன், ஒன்றுதான் விழுந்தது. விவேகம் 17 என்பதற்கு விதிப்படி மூன்று, உயிர் காக்கும் பிரிவுக்கு மூன்று சேர்த்து ஏழு. திருடன் கண்ணைத் திறந்தான்.

ரொட்டி முழுக்கக் காலி.

ஜூன் 24, திங்கள்

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வேலாத்தாவின் தாளை நிதானமாகப் பார்த்தார். ஆங்கிலச் சொல் வந்த இடமெல்லாம் என்ன என்று கேட்டார். சுறுசுறுப்பு 8-இல் விரல் நின்றது.

“முட்டிவலி எல்லாம் நீ பொறந்தப்புறம் வந்தது. நான் சின்னப் பிள்ளையா இருக்கறப்ப அர்த்தராத்திரியில ஆள் வந்து கூப்பிடுவாங்க. வரப்பு மேல ஓட்டமா ஓடுவா. எங்கப்பாவால கூடப் போக முடியாது.”

இது எனக்குத் தெரியாது. எட்டை அழிக்கட்டுமா என்று கேட்டேன். “வேண்டாம். கிழவியாத்தானே எழுதியிருக்கற” என்றார். பிறகு சாமான் பட்டியலைப் பார்த்தார்.

“லாந்தர் எங்க?”

விதிப்புத்தகத்தில் லாந்தர் உண்டு. முப்பது அடிக்கு நல்ல வெளிச்சம், ஒரு குப்பி எண்ணெய்க்கு ஆறு மணி நேரம் எரியும். அதையும் சொல்லி, ‘லாந்தர் 1, எண்ணெய் 1 குப்பி’ என்று எழுதினேன்.

“ஆறு மணி நேரம் எங்க பத்தும்? தலைப்பிரசவம்னா விடிஞ்சாலும் முடியாது” என்றார் அம்மா. “மூணு குப்பியா எழுது.”