பென்சிலில் ஒரு பெருக்கல் குறி

2009-இல் வேலூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் இருந்த வங்கிக் கிளைக்கு மாற்றலாகிப் போனேன். அந்தப் பக்கத்தில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத தெரு கிடையாது. கணியம்பாடியை ஒட்டிய கம்மவான்பேட்டைக்கு ‘ராணுவப்பேட்டை’ என்றே பெயர். எங்கள் கிளையிலும் அப்படித்தான். மாதத்தின் முதல் வாரம் முழுக்க முன்னாள் ராணுவத்தினரும் அவர்களுடைய விதவைகளும்தான் நிற்பார்கள்.

கதவு திறக்கும் முன்பே படியில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். ராணுவத்தின் பொறியாளர் பிரிவான மதராஸ் சாப்பர்ஸில் ஹவில்தாராக இருந்து வந்தவர். ஊருக்கு அவர் மிலிட்டரி மாமா. அவருடைய சொந்த வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அப்புறம் மத்தியானம் வரை பெஞ்சில் உட்கார்ந்து கிழவிகளுக்குச் சலான் எழுதுவார். கைநாட்டு வைக்க வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி. நவம்பரில் ஓய்வூதியக்காரர்கள் உயிரோடிருப்பதற்கு லைஃப் சர்ட்டிஃபிகேட் கொடுக்க வேண்டும் அல்லவா, படுக்கையில் கிடப்பவர்களின் பட்டியல் எங்களிடம் இருக்காது, அவரிடம் இருக்கும். “சாயங்காலம் நாலு வீடு இருக்கு சார், வண்டி நான் கொண்டாறேன்” என்பார். டிவிஎஸ் எக்ஸெல்லின் பின்னால் உட்கார்ந்து அந்த ஊரின் சந்துகளை எல்லாம் பார்த்தேன்.

முதலில் அவரை புரோக்கர் என்றுதான் நினைத்தேன். இரண்டு மாதம் ஓரக்கண்ணால் கவனித்தேன். டீக்குக்கூட யாரிடமும் காசு வாங்கவில்லை.

ஒரு பாட்டியின் விஷயத்தில்தான் எனக்கு உறைத்தது. ஆறாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு, 80 வயது நிறைந்தால் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடுதலாகத் தர வேண்டும். 85-இல் அது 30, 90-இல் 40, 95-இல் 50, நூறைத் தொட்டால் இன்னொரு மடங்கு. குடும்ப ஓய்வூதியத்துக்கும் இது உண்டு. ஆனால் பழைய ஓய்வூதிய ஆணைகளில் மனைவியின் பெயர் இருக்கும், பிறந்த தேதி இருக்காது. பாட்டியின் ஆணையிலும் இல்லை. இரண்டு முறை திருப்பி அனுப்பினேன். விதி அப்படி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூன்றாம் முறை மாமா கூடவே வந்தார். குரலை உயர்த்தவில்லை.

“காயிதத்துல கெழவிக்கு வயசே இல்ல. ஆளு உங்க எதிர்லயே நிக்குது. இதுக்கு என்ன வழி, அதைச் சொல்லுங்க சார்.”

வழி எனக்குத் தெரியவில்லை. அதை ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டுத்தான் விதியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு இருவரும் உட்கார்ந்து விண்ணப்பம் எழுதினோம். பாட்டியின் கணவரும் சாப்பர்ஸ்காரர் என்பதால் ரெக்கார்ட் ஆபீஸ் பெங்களூரில். ராத்திரி பஸ் ஏறி மாமாவே இரண்டு தடவை போய் வந்தார். அங்கிருந்து அலகாபாத்தில் உள்ள ராணுவ ஓய்வூதிய அலுவலகத்துக்குப் போய்த் திருத்த ஆணை வந்து சேர ஒரு வருடம் ஓடிவிட்டது. அரியர்ஸ் ஏறிய அன்று பாட்டி என் மேசையில் இரண்டு தேங்காயை வைத்துவிட்டுப் போனார். எனக்கு எதற்கு?

போரைப் பற்றி மாமா தானாகப் பேச மாட்டார். கேன்டீன் பாட்டில் கிடைக்குமா என்று கேட்பவர்களிடம் காட்டும் அதே சிரிப்புதான் பதில். டிசம்பரில் ஒருநாள் கரண்ட் போய் கிளையே சும்மா இருந்தபோது நானே கேட்டேன். 1971 பாகிஸ்தான் போர், ஷக்கர்கர் பகுதி, பசந்தர் ஆறு. அங்கே கண்ணிவெடி வயலில் டேங்குகளுக்குப் பாதை திறந்தது மதராஸ் சாப்பர்ஸ். வெடியை எடுத்துவிட்டு இரண்டு பக்கமும் வெள்ளை நாடா கட்டிக்கொண்டே போக வேண்டும். பாதை முழுதாக முடியும் முன்பே பூனா ஹார்ஸ் படையின் டேங்குகள் உள்ளே வந்துவிட்டன. டிசம்பர் 16 அன்று அங்கே உயிர்விட்டு பரம்வீர் சக்ரா பெற்ற, அந்தப் படையின் அருண் கேத்ரபாலுக்கு அப்போது 21 வயது. “நாடாவுக்கு உள்ள வந்தவன் பொழைப்பான் சார். அதான் எங்க வேலை. சுடுறது வேற ஆளுங்க.” இவ்வளவுதான் சொன்னார். கரண்ட் வந்ததும் எழுந்து சலான் கட்டை எடுத்துக்கொண்டார்.

சாப்பர்ஸில் வீரர்களைத் ‘தம்பி’ என்றுதான் அழைப்பார்களாம். எனக்கு மாற்றல் உத்தரவு வந்த பிறகுதான் அவர் என்னை முதன்முதலாக அப்படிக் கூப்பிட்டார். நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாளை நீட்டினார். பதினொரு பெயர்கள், ஓய்வூதிய ஆணை எண்கள், எதிரில் ஒவ்வொருவருக்கும் 80 நிறையும் மாதம். பிறந்த தேதி பதிவாகாத நான்கு பேருக்குப் பக்கத்தில் பென்சிலில் பெருக்கல் குறி.

“அடுத்து வர்றவர்கிட்ட சொல்லிட்டுப் போ தம்பி.”

மேசைக் கண்ணாடியைத் தூக்கி, தாளை அதற்கு அடியில் வைத்துவிட்டு வந்தேன்.