30 கிலோமீட்டர் தள்ளி ஏழு வாரம்: மன்னாரில் ஒரு வீட்டில் தங்கிப் படித்த கதை

தனுஷ்கோடி அரிச்சல்முனையில் நின்றால் போன் தானாகவே இலங்கை நெட்வொர்க்குக்குப் போய் வரவேற்பு மெசேஜ் காட்டும். தங்கச்சிமடத்தில் பிறந்த எனக்கு அதுவரை தெரிந்த வெளிநாடு அவ்வளவுதான். அங்கிருந்து தலைமன்னார் 30 கிலோமீட்டர் சொச்சம். 1964 புயலுக்கு முன்னால் தாத்தா ஆட்கள் தனுஷ்கோடியில் கப்பல் ஏறி அன்றைக்கே போய்விடுவார்களாம். நான் எம்.ஏ. களஆய்வுக்காக அதே மன்னார் தீவுக்குப் போக மதுரைக்குப் பஸ், கொழும்புக்கு விமானம், அப்புறம் ரயில் என்று சுற்றி ஒன்றரை நாள் ஆனது.

கருவாடு காயப்போடும் பெண்களின் கூலி பற்றியது என் ஆய்வு. ஒரு மீனவர் வீட்டில் தங்கினேன், அன்ரி, அங்கிள், ஒரு மகள். நீங்களும் இப்படிக் களஆய்வுக்குப் போவதாக இருந்தால், சுற்றுலா விசாவில் போய் வேலையை முடித்துவிடலாம் என்று சீனியர் யாராவது சொன்னால் கேட்காதீர்கள். போனதும் பங்குத்தந்தையையும் ஜீ.எஸ்ஸையும் (நம்ம வி.ஏ.ஓ. மாதிரி) பார்த்துச் சொல்லிவிடுங்கள். நான் சொல்லாமல் விட்டதால் சாதாரண உடையில் ரெண்டு பேர் வந்து என்னை விட்டுவிட்டு அன்ரியை ஒரு மணி நேரம் விசாரித்தார்கள். நாம் கிளம்பிப் போன பிறகும் அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியது அவர்கள்தான். தங்கும் பணத்தை முதல் நாளே அன்ரி கையில் கொடுத்துவிடுவது நல்லது, நாள் போனால் வாங்க மாட்டார்கள். கருப்பட்டி எல்லாம் சுமந்துகொண்டு போகாதீர்கள், அங்கேயே பனை நிறைய.

தமிழ்தானே என்ற தைரியம்தான் பெரிய ஆபத்து. முதல் வாரம், "நேத்து அங்கிள் என்கிட்ட ரொம்ப நேரம் பேசினாரு" என்றேன். அன்ரி குசினியிலிருந்து பதறி வந்து, "ஏன் பிள்ளை பேசினவர்? நீங்கள் என்ன செய்தனீங்கள்?" என்றார். அங்கே பேசுவது என்றால் திட்டுவது, நாம் பேசுவதை அவர்கள் கதைப்பது என்பார்கள். சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது, என் கேள்வித்தாளில் 'கூலி விஷயமாக முதலாளியிடம் பேசியதுண்டா?' என்று ஒரு கேள்வி, அதற்குப் பத்துப் பெண்கள் 'ஐயோ, இல்லை' என்று சொல்லியிருந்தார்கள். பத்து வீட்டுக்கும் திரும்ப நடந்தேன்.

அதே கேள்வித்தாளின் முதல் கேள்வி, வீட்டில் எத்தனை பேர். நாம் யோசிக்காமல் கேட்டுவிடுவோம். அன்ரி "நாலு" என்றார். எனக்குத் தெரிந்து மூன்று. அலுமாரிக்கு மேலே மாலை போடாத ஒரு பையன் போட்டோ இருந்தது, 2009இல் யுத்தம் முடிந்தபோது அவனுக்கு 18 வயது, அதற்குப் பிறகு தகவல் இல்லை. நான் நாலு என்றே எழுதினேன். கைடு பின்னால் அதைத் திருத்தச் சொன்னபோதும் திருத்தவில்லை. போரைப் பற்றி நீங்களாக எதுவும் கேட்காதீர்கள், அவர்கள் சொல்லும் நாளில் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேளுங்கள்.

அந்தப் பையன் பிறந்தது நம்ம மண்டபம் அகதிகள் முகாமில். 1990இல் படகேறி வந்து சில வருஷம் அங்கே இருந்திருக்கிறார்கள். தண்ணிக்குக் குடத்தை வரிசையில் வைத்ததையும் பாம்பன் பாலத்தில் ரயில் போகும் சத்தத்தையும் அன்ரி சொல்லச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. ராமநாதபுரத்துக்குக் காலேஜ் போன மூன்று வருஷமும் அந்த முகாமைத் தாண்டித்தான் பஸ் போகும், ஒரு நாள்கூட நான் இறங்கிப் பார்த்ததில்லை. நீங்கள் போவதற்கு முன்னால் ஒரு தடவை இறங்குங்கள்.

இனி என் தப்பு. அப்பா என்ன வேலை என்று அங்கிள் கேட்டபோது மீன் வியாபாரம் என்று சொல்லி வைத்தேன். எங்கள் அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். விசைப்படகு கடலடியோடு இழுத்துப்போகும் இழுவைமடி வலையை இலங்கை 2017இல் சட்டம் போட்டே தடை செய்துவிட்டது, இருந்தும் எங்கள் ஊர்ப் படகுகள் எல்லை தாண்டிப் போவதும் அங்கத்தைய வலைகளை அறுத்துக்கொண்டு வருவதும் எனக்குத் தெரியாததா என்ன. மூன்றாவது வாரம், திண்ணையில் கிழிந்த வலையோடு அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, வாய் நிற்காமல் உண்மையைச் சொல்லிவிட்டேன். ரெண்டு நாள் அவர் என்னோடு கதைக்கவில்லை. சாப்பாடு மட்டும் வழக்கம்போல் வந்தது, மீன் தலை உட்பட. மூன்றாம் நாள் அந்த வலையை என் முன்னால் விரித்து, எந்தப் பக்கம் இழுபட்டது, நூலுக்கு எவ்வளவு கடன் என்று காட்டி, "எழுதுங்கோ" என்றார். என் ஆய்வில் உருப்படியான பக்கங்கள் அதிலிருந்து வந்தவைதான். முதல் நாளே சொல்லியிருந்தால் ரெண்டு வாரம் மிச்சம்.

எங்கள் ஊர் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும். அந்தக் கிழமைகள் எனக்கு மறந்தாலும் அங்கிளுக்கு மறக்காது. கடைசிச் சனிக்கிழமை இரவு கரையில் நின்றுகொண்டு கூப்பிட்டார். தூரத்தில் வரிசையாக வெளிச்சம்.

"பிள்ளை, அதில எது உங்கட அப்பா எண்டு பாத்துச் சொல்லுங்கோ."

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். அவருடைய வலை அன்றைக்குத் திண்ணையிலேயே மடித்துக் கிடந்தது.