அறிக்கை வரட்டும் என்று சொன்ன நாள்

“ஐயா, பிணைக்கு இப்பவே போட்டுப் பாக்கலாமா, இல்ல அந்த ரிப்போட்டு வர்ற வரைக்கும் இருக்கணுமா?”

அந்த அம்மா, தன் மகனின் சட்டத்தரணியான என்னிடம் கேட்டது இவ்வளவுதான். “அறிக்கை வரட்டும்மா” என்றேன். மகன் பிடிபட்டு அப்போது ஐந்து வாரம். அரை நிமிடம்கூட நீடிக்காத பேச்சு.

அப்படிச் சொன்னதற்கு என்னிடம் ஒரு கணக்கு இருந்தது. முச்சக்கர வண்டியின் பின் ஆசனத்துக்கு அடியில் ஒரு பொதி. டவுனில் ஒரு நகைக்கடைத் தராசில், சந்தேகநபரின் கண் முன்னால் நிறுத்தபோது 38 கிராம். ஹெரோயின் என்று பி அறிக்கையில், அதாவது பொலிஸார் நீதவானுக்குக் கொடுக்கும் அறிக்கையில், எழுதியிருந்தார்கள். உறைக்குள் போட்டு, அரக்கு சீல் வைத்து, அவன் பெருவிரல் அடையாளத்தையும் எடுத்து அனுப்பியாயிற்று. ஆனால் நகைக்கடைத் தராசு காட்டுவது மொத்த எடை. கைமாறி வரும் தூளில் கலப்படம்தான் அதிகம். அதற்குள் உண்மையான ஹெரோயின் எத்தனை கிராம் என்பதை, போதைப்பொருள் பற்றிய சட்டத்தின் 77அ பிரிவின்படி அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் தரும் அறிக்கைதான் சொல்லும். பிணை விண்ணப்பம் எந்த நீதிமன்றத்துக்குப் போகும் என்பதும் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து வருகிறவர்கள் பலரும் கேட்பது, கத்திக்குத்து வழக்குக்காரனுக்கே நீதவான் பிணை கொடுக்கிறாரே, இவனுக்கு ஏன் இல்லை என்பது. இலங்கையின் 1997 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கப் பிணைச் சட்டம் பிணை கொடுப்பதையே விதியாகவும் மறுப்பதை விலக்காகவும் வைத்திருப்பது உண்மைதான். ஆனால் பிணை பற்றித் தனியாக ஏற்பாடு செய்திருக்கும் வேறு சட்டங்களுக்கு அது பொருந்தாது என்று அதே சட்டம் சொல்லிவிடுகிறது. நஞ்சுகள், அபின், அபாயகரமான ஔடதங்கள் கட்டளைச் சட்டத்தின் 83 ஆம் பிரிவு அப்படியான தனி ஏற்பாடு. இப்படியான ஔடதங்களைக் கடத்துவது, வைத்திருப்பது பற்றிய 54அ பிரிவில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு நீதவானால் பிணை கொடுக்க முடியாது. மேல் நீதிமன்றம்கூட விதிவிலக்கான சூழ்நிலையில் மட்டும்தான் கொடுக்கலாம். ஹெரோயின் 2 கிராமைத் தொட்டாலே மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை என்ற வரம்புக்குள் விழுந்துவிடும். 1976க்குப் பிறகு இந்த நாட்டில் தூக்குத் தண்டனை நிறைவேற்றப்படவில்லை. ஆனாலும் அந்தத் தண்டனை ஏட்டில் இருக்கிற வரைக்கும் பிணையில் அதன் கனம் இருக்கிறது. கடத்தல் என்ற சொல்லும் அகலமானது. விற்பது மட்டுமல்ல, கொடுப்பது, வைத்திருந்து பாதுகாப்பது, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோவது எல்லாம் அதற்குள் அடங்கும். முச்சக்கர வண்டி ஓட்டுகிற பையனுக்கு இது எவ்வளவு ஆபத்தான வரைவிலக்கணம் என்று சொல்லத் தேவையில்லை.

2022 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் என்றால் ஐஸ் போதைப்பொருள்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும், 5 கிராமுக்கு மேல் மரண தண்டனை என்று. பிணை வேலை செய்கிறவர்களுக்கு அதே திருத்தத்தில் இன்னொரு இடம்தான் முக்கியம். பகுப்பாய்வாளர் அறிக்கையின்படி தூய அளவு 10 கிராம் அல்லது அதற்கு மேல், குற்றமும் மரணம் அல்லது ஆயுள் தண்டனைக்குரியது என்றால் மேல் நீதிமன்றத்துக்கும் பிணை கொடுக்கும் அதிகாரம் இல்லாமல் போய்விடும். கொழும்பில் மேன்முறையீட்டு நீதிமன்றம்தான். அதோடு முடியவில்லை. 10 கிராமுக்குக் கீழே இருப்பவருக்கு 84 ஆம் பிரிவில் விளக்கமறியலுக்குப் பன்னிரண்டு மாதம் என்று ஓர் எல்லை உண்டு. சட்டமா அதிபர் விண்ணப்பித்தால் ஒரு தடவைக்கு மூன்று மாதத்துக்கு மேற்படாமல், மொத்தமாக இன்னும் பன்னிரண்டு மாதம் வரை நீட்டலாம். எப்படியும் ஓரிடத்தில் அது நிற்கும். 10 கிராமைத் தாண்டியவருக்கு அந்த எல்லையைக் காட்டி வாதாட முடியாது.

இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் காத்திருக்கச் சொன்னேன். 38 கிராம் பொதியில் தூய அளவு 7, 8 கிராமுக்கு மேல் வராது என்று மனதில் போட்டிருந்தேன். அப்படி வந்தால் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு மேல் நீதிமன்றத்தில் உறுதியாக நிற்கலாம். அறிக்கை இல்லாமல் போனால் அரச சட்டத்தரணி 38 என்ற எண்ணைத்தான் பிடித்துக்கொள்வார், விண்ணப்பம் தள்ளுபடியாகும், இரண்டாம் முறை போகும்போது என்ன புதிதாக வந்தது என்று கேட்பார்கள். கணக்கு அதுதான்.

அறிக்கை பதினோராம் மாதம் வந்தது. கிடைத்த பொதியின் எடை ஒரு வரியில், அடுத்த வரியில் தூய அளவு 10.6 கிராம்.

அந்த 600 மில்லிகிராமை நான் எத்தனை முறை திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பேன் என்று சொல்ல முடியாது. சட்டத்தின் வாசகம் “அறிக்கையின்படி” என்கிறது. அறிக்கை வராதவரை மேல் நீதிமன்றத்தின் கதவு திறந்திருந்தது என்பதுதான் அதை நான் வாசிக்கும் விதம். அந்தப் பதினொரு மாதத்தில் ஒருமுறையாவது தட்டியிருக்கலாம். பொதி இருந்த இடம் பி அறிக்கையில் ஒரு விதமாகவும், கைது செய்த அதிகாரியின் குறிப்பில் இன்னொரு விதமாகவும் இருந்தது. வண்டியில் வேறு யார் ஏறினார்கள் என்பதற்கு விசாரணையே இல்லை. முன் குற்றம் எதுவும் இல்லை. ஐந்தாம் வாரத்திலேயே இவையெல்லாம் என் மேசையில் இருந்தன.

ஆனாலும் அப்போது போயிருந்தால் கிடைத்திருக்குமா? ஐந்து வாரத்தில் தாமதம் என்று சொல்ல எதுவும் இல்லை. விதிவிலக்கான சூழ்நிலை எது என்று கட்டளைச் சட்டம் எங்கும் வரையறுக்கவில்லை, வழக்குக்கு வழக்கு நீதிமன்றம்தான் தீர்மானிக்கிறது. வீட்டில் உழைப்பவர் இவர் ஒருவர்தான், சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதெல்லாம் மட்டும் போதாது. சிறைக்குப் போகிற எவருடைய வீட்டிலும் அதுதான் நிலை என்று நீதிமன்றம் சொல்லும். சாட்சியத்தில் ஓட்டை, குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாமல் நீளும் காலம், முன் குற்றம் இல்லாமை இவை ஒன்றுசேர்ந்தால்தான் வாதம் நிற்கும். தள்ளுபடியானாலும் பிறகு வரும் அறிக்கையே புதிய விடயமாகியிருக்கும் என்பதும் சரி. அப்படியானால் எனது “இரண்டாம் முறை” பயத்துக்கு அடிப்படை என்ன? இதற்குமேல் யோசித்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டிவருகிறது.

அம்மாவை மனுதாரராக்கி மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் விண்ணப்பித்தோம். சத்தியக்கடதாசியைத் தமிழில் வாசித்துக் காட்டி, சமாதான நீதவான் முன்னால் கையொப்பம். தவணை பார்க்கக் கொழும்பு போகவேண்டாம் என்றாலும் அவர் போனார். 2024 செப்டெம்பரில் தோட்டத்து நாட்சம்பளம் 1,350 ரூபா ஆகியிருந்தது. ஒவ்வொரு பயணத்துக்கும் இரண்டு நாள் பேர், அதாவது இரண்டு நாள் சம்பளம், இழந்தார். சட்டமா அதிபரின் ஆட்சேபனை வந்தது. அதற்கு முன்னும் பின்னும் பல தவணைகள். பிடிபட்ட இருபதாம் மாதத்தில் பிணை கிடைத்தது. பிரதான காரணம் அவ்வளவு காலமாகியும் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப்படாதது.

அதாவது எந்தக் காத்திருப்புக்காக நான் வருந்துகிறேனோ, அதுவே வெளியே வர வழியும் ஆகிவிட்டது. இதை வைத்து எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். ஆனால் இருபது மாதம் விளக்கமறியலில் இருந்தவன் நான் அல்ல.

பிணை கட்டளைக்குப் பிறகும் ஒன்பது நாள் அவன் உள்ளேதான். காசுப்பிணையைத் திரட்டிவிட்டார்கள். சரீரப்பிணைக்கு, அதாவது அவனுக்காகப் பொறுப்பு நிற்க, இருவர் கேட்டிருந்தது. கிராம உத்தியோகத்தர் சான்றிதழ், பிரதேச செயலகத்தின் மேலொப்பம், சம்பளத் துண்டு எல்லாம் சரி. உறுதிப் பத்திரம்? லயத்து அறைக்கு எங்கே உறுதி! முதலில் வந்த மாமாவின் சான்றிதழில் தோட்டத்தின் பெயர் மட்டும், டிவிஷனும் லய இலக்கமும் இல்லை. இப்போதெல்லாம் பிணைகாரர்களின் கடதாசிகளைக் கட்டளைக்கு முந்திய வாரமே வாங்கிப் பார்த்துவிடுகிறேன்.

பிணைமுறியில் கையொப்பம் வைக்க வந்த அன்று, பதிவாளர் அறைக்கு வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்த அந்த அம்மா கேட்டார்:

“அன்னைக்கே போட்டிருந்தா, ஐயா?”

“தள்ளுபடி ஆகியிருக்கும்மா” என்றேன். அவர் தலையாட்டினார். மாதத்தின் கடைசி ஞாயிறு பொலிஸில் போய்க் கையொப்பம் வைக்க வேண்டும், ஒன்றுகூடத் தவறக்கூடாது என்று மகனிடம் சொல்லும்படி அவருக்கு இரண்டு தடவை விளக்கினேன்.