கரையில் எத்தனை மணி நேரம்?

கரீபியன் தீவுகளுக்குச் சொகுசுக் கப்பலில் போய்வருவதென்று வீட்டில் முடிவானதும், ஏழு இரவுகளில் ஐந்து தீவுகள் என்ற பயணத்திட்டத்தில்தான் முதலில் மயங்கினேன். நீச்சல்குளத்தையும் நாடக அரங்கையும் படங்களில் பார்த்துத் தீர்த்த பிறகே, துறைமுகப் பெயர்களுக்கு நேரே சிறிய எழுத்தில் இருந்த நேரங்கள் கண்ணில் பட்டன.

கிராண்ட் கேமனுக்கு நேரே காலை 8 முதல் மாலை 4 வரை என்றிருந்தது. ஆனால் அத்தீவின் ஜார்ஜ் டவுனில் பெரிய பயணிகள் கப்பல்கள் அணைய மேடை கிடையாது. கப்பல் சற்றுத் தள்ளி நங்கூரமிட, பயணிகளைச் சிறு படகுகளில் கரைக்கு அழைத்துச் செல்கிறார்கள். படகுக்கு வரிசையில் நிற்கும் நேரத்தையும், புறப்பாட்டுக்கு முன்பே திரும்பிவிட வேண்டிய நேரத்தையும் கழித்தால் ஐந்து மணி நேரம் தேறினாலே அதிகம். கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. மெக்சிகோவின் கொசுமெலில் கப்பல் மேடையிலேயே அணைந்துவிடுவதால் இந்தத் தொல்லை இல்லை.

அடுத்தது மாதம். அட்லாண்டிக் சூறாவளிப் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. எங்களுக்கு விடுப்புக் கிடைப்பதோ அது உச்சத்தில் இருக்கும் செப்டம்பரில். புயல் வருவது தெரிந்தால் கப்பல் விலகிப் போய்விடும் என்பதால் எனக்கு அச்சத்தைவிட ஏமாற்றத்தைப் பற்றிய கவலையே அதிகம்: ஆசையோடு தேர்ந்த தீவுக்குப் பதிலாக வேறெங்கோ இறக்கிவிடுவார்கள், பயண ஒப்பந்தமும் அதற்கு இடம் தருகிறது. ஆகவே வெனிசுவேலாக் கரையை ஒட்டிய அரூபா, குராசோ, போனேர் வழித்தடத்துக்கு மாறினேன். வட அட்சம் 12 பாகையை ஒட்டியிருக்கும் இம்மூன்றையும் சூறாவளி தாக்குவது அபூர்வம். வரவே வராது என்று சொல்லிவிட முடியாதுதான்.

மூன்று தீவுகளே என்றாலும் குறையில்லை. குராசோவின் வில்லெம்ஸ்டாட்டில் 1888 முதல் ஒரு மிதவைப் பாலம் இருக்கிறது. மணி ஒலித்ததும் மிதவைகளின் மேல் நிற்கும் அப்பாலம் முழுவதும் ஒரு கதவைப் போலப் பக்கவாட்டில் திறந்து கப்பலுக்கு வழிவிடுமாம். போனேரில் பவளப்பாறைகள் கரையிலிருந்து சில நீச்சலடித் தூரத்திலேயே தொடங்கிவிடுவதால் தனியே படகு பிடிக்க வேண்டியதில்லை.

அறையைப் பொறுத்தவரை கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் எடுத்திருக்கிறேன்; ஆட்டம் அங்கேதான் குறைவு. பால்கனி இல்லையே என்ற முணுமுணுப்பு வீட்டில் இன்னும் ஓயவில்லை. புறப்படும் துறைமுகத்துக்கு முந்தின நாளே போய்விடுகிறோம், விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. தீவில் தனியே சுற்றப் போனவர்களுக்காகவும் அது காத்திருப்பதில்லை. கைபேசி உள்ளூர் நேரத்துக்குத் தானே மாறிக்கொண்டாலும், கணக்கில் வருவது கப்பலின் கடிகாரம்தான். அதனால் மேசை இழுப்பறையில் கிடந்த பழைய கைக்கடிகாரத்துக்குப் புது பேட்டரி போட்டுவைத்திருக்கிறேன்.