என்ன நடந்தது என்று கேளுங்கள், எப்போது என்று கேட்காதீர்கள்

மனுஷன் ஞாபகம் நம்பவே முடியாதது என்று இப்போது எல்லோரும் அடித்துச் சொல்கிறார்கள். கணக்கெடுப்பு வேலையாகக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் காவேரிப்பட்டணம், ராயக்கோட்டை பக்கம் வீடு வீடாக ஏறி இறங்கியவன் என்ற முறையில் எனக்கு அது பாதிதான் சரி என்று படுகிறது. நடந்ததை ஜனங்கள் பெரும்பாலும் ஒழுங்காகவே சொல்கிறார்கள், இடிப்பது தேதிதான்.

கனடாவில் பிரையன் லெவின் குழுவினர் 2020-ல் வெளியிட்ட ஆய்வும் இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது. ஆட்களை ஓர் இடத்தைச் சுற்றிப் பார்க்க வைத்துவிட்டு அப்புறம் ஞாபகத்தில் இருப்பதைச் சொல்லச் சொன்னார்கள். நிறைய மறந்துவிட்டிருந்தது, ஆனால் வாய் திறந்து சொன்னதில் 90 சதவீதத்துக்கு மேல் சரி. அதற்கும் முன்னால், நெதர்லாந்தின் வில்லெம் வாகெனார் ஆறு வருஷம் தன் அன்றாட வாழ்க்கையையே யார், என்ன, எங்கே, எப்போது என்று எழுதி வைத்து, பிறகு தன்னையே சோதித்து 1986-ல் அதை வெளியிட்டார். தேதியை மட்டும் பார்த்து அன்று என்ன நடந்தது என்று அவரால் கிட்டத்தட்ட எதையுமே சொல்ல முடியவில்லை.

எங்கள் படிவத்தில் 'கடந்த 365 நாளில் ஆஸ்பத்திரியில் தங்கி சிகிச்சை பெற்றீர்களா' என்று ஒரு கேள்வி உண்டு. 2018 கடைசியில் ஓர் அக்கா, "போன வருஷத்துக்குள்ளதான் தம்பி, கல் எடுத்தாங்க, இன்னும் தையல் இழுக்குது" என்றார். எந்தக் கட்டில், பக்கத்துக் கட்டிலில் யார், கஞ்சியில் உப்பே இல்லாதது வரை வந்தது. சரி என்று குறித்துக்கொள்ளாமல், "கேஆர்பி டேம் ஷட்டர் உடைஞ்சதுக்கு முன்னாடியா பின்னாடியா அக்கா?" என்று கேட்டேன். கிருஷ்ணகிரி அணையின் அந்த ஷட்டர் உடைந்தது 2017 நவம்பர் கடைசியில். கொஞ்சம் யோசித்தார். "அதுக்கு முன்னாடிப்பா. தண்ணி போறதைப் பாக்க நானும்தான் நடந்து போனேனே, நான் படுத்தது மாங்கா சீசன்ல." ஆக, அந்த ஆபரேஷன் 365 நாளுக்கு வெளியே போய்விட்டது.

தெளிவாக ஞாபகம் இருப்பதெல்லாம் சமீபத்தில் நடந்த மாதிரியே தோன்றும் என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று. ஞாபகத்தை ஆராயும் உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸும் இன்னொருவரும் அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை வெடிப்பை அடையாளமாக வைத்துக் கேட்டபோது இந்தத் தவறு குறைந்ததாக 1983-ல் எழுதினார்கள். நம்ம ஊர்ப் பாட்டிகள் யாரும் அதைப் படிக்கவில்லை, ஆனால் 'மாங்காயை விலை போகாமல் ரோட்டில் கொட்டின வருஷம்' என்றுதான் பேரன் வயதையே சொல்கிறார்கள்.

எல்லாச் சம்பவமும் இதற்கு உதவாது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-ல். அதை வைத்துக் கேட்டால் யாருக்கும் ஒன்றும் வருவதில்லை. கொரோனா என்று பொதுவாகக் கேட்டாலும் பிரயோஜனமில்லை, அது இழுத்துக்கொண்டே போனது. முதல் ஊரடங்கா, அடுத்த வருஷத்து ஊரடங்கா என்று பிரித்துக் கேட்க வேண்டும்.