புளியங்கொட்டைப் படை: கூட்டமாக வரும் ஏலியன்கள் நிஜமாகவே அவ்வளவு பயங்கரமா?

பொம்மைப் படைகளை மேஜையில் நகர்த்தி ஆடும் வார்ஹாமர் 40,000 விளையாட்டின் டைரனிட், ஸ்டார்கிராஃப்ட் கம்ப்யூட்டர் விளையாட்டின் ஸெர்க், ஹைன்லைன் 1959இல் எழுதிய ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ் நாவலின் பூச்சிகள். விண்வெளிக் கதைகளில் எனக்கு ரொம்பப் பிடித்தவர்கள் இவர்கள்தான். பேச்சுவார்த்தை கிடையாது, பகை கிடையாது, ஆசை கிடையாது. வருவார்கள், தின்பார்கள், அடுத்த கிரகத்துக்குப் போவார்கள். இவர்கள் வந்தால் கதை முடிந்தது என்றுதான் எல்லாக் கதையும் ஆரம்பிக்கும். ஆனால் கடைசிப் பக்கத்தில் தோற்று நிற்பதும் பெரும்பாலும் இவர்கள்தான்.

டைரனிட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பெஹிமத் என்ற முதல் பெரும்படை, விளையாட்டின் கணக்கில் 41ஆம் ஆயிரத்தின் 745ஆம் ஆண்டில், மக்ராக் கிரகத்துக்கு வருகிறது. துருவக் கோட்டைகளில் நின்ற, ஸ்பேஸ் மரீன் என்ற மனித வீரர்களில் ஒரு பிரிவான அல்ட்ராமரீன்களின் முதல் கம்பெனி ஓர் ஆள் மிச்சமில்லாமல் அழிகிறது. இதைப் படித்தால் யாருக்கும் அடிவயிறு கலங்கும். ஆனால் அந்தச் சண்டையில் ஜெயித்தது மக்ராக். பெஹிமத் அங்கேயே அழிந்தது. அப்புறம் வந்த கிராக்கன் என்ற படை சிதறியது. அதற்கும் அப்புறம் வந்த லெவியத்தான் படையின் ஒரு பகுதியை, ஆர்க்குகள் என்ற வேறு ஏலியன்கள் பக்கம் திருப்பிவிட்டார்கள். அப்படியானால் இந்தப் பயம் கதைக்குள் இருப்பதா, வெறும் பெயரில் இருப்பதா? மேஜையில் வைத்துப் பார்த்துவிடலாம் என்று இறங்கினேன்.

அசல் பொம்மைகள் கடல் தாண்டி வரவேண்டும். கூட்டம் என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு வாங்கினால் பெரிய பணம். பெரியப்பா மகன் அண்ணனிடம் ஒரு பெட்டி ஸ்பேஸ் மரீன் ஏற்கெனவே இருக்கிறது, நன்றாகப் பெயின்ட் அடித்தும் வைத்திருக்கிறான். எதிரணியை நானே செய்தேன். உடம்புக்குப் புளியங்கொட்டை. ஒரு பக்கம் உரசித் தட்டையாக்கி, தண்ணீர் பாட்டில் மூடியில் ஒட்டினால் ஆடாமல் நிற்கும். கால்களுக்கு வாரியல் குச்சி, தலைக்கு எம்-சீல். எம்-சீல் இறுகுவதற்குள் குண்டூசி முனையால் வாயைக் கீறிவிட வேண்டும், பிறகு கீறினால் உதிரும். மேலே கறுப்பு ஸ்ப்ரே அடித்து, காய்ந்ததும், பெயின்டைத் துடைத்தெடுத்த காய்ந்த பிரஷ்ஷால் வெள்ளையை லேசாகத் தேய்க்க வேண்டும். கொட்டையின் வழவழப்பு ஓடு மாதிரியே மின்னுகிறது. இந்த இடத்தில் புளியங்கொட்டையை அடித்துக்கொள்ள வேறு பொருள் இல்லை. அவற்றை நடத்தும் பெரிய ஜீவனான ஹைவ் டைரன்ட்டுக்கு மட்டும், காருக்குறிச்சியில் பானை வனைபவர்களிடம் கேட்டு வாங்கிய களிமண்.

களம் 44 அங்குலத்துக்கு 60 அங்குலம். கோரைப்பாயை விரித்து, சாக்பீஸால் எல்லை போட்டோம். எங்கேயோ இருக்கும் கிரகத்தை விட நம்ம திருநெல்வேலியே இருக்கட்டும் என்று நடுவில் நீலத்துணியில் தாமிரபரணி, குறுக்கே அட்டையில் சுலோசன முதலியார் பாலம். 1843இல் திறந்த பாலம், இன்றைக்கும் வண்டி ஓடுகிறது. பிடிக்க வேண்டிய இடங்கள் ஐந்து: மேற்கே பேட்டை, டவுன், ஜங்ஷன், கிழக்கே வண்ணாரப்பேட்டை, பாளையங்கோட்டை. பொதிகைப் பக்கமிருந்து பூச்சிகள் வரும். அண்ணன் பாளையில் நிற்பான். ஆற்றில் இறங்கினால் பாதி வேகம், பாலத்தில் முழு வேகம். விதிகள் 2023இல் வந்த பத்தாம் பதிப்பின்படி.

முதல் ஆட்டத்தில் என் படையை எடுத்து வைத்ததுமே அண்ணன் முகம் மாறியது உண்மை. பாயின் மேற்குப் பக்கம் முழுக்கக் கறுப்பாக இருந்தது. ஆனால் அந்தப் பயம் முதல் சுற்றோடு சரி. வேகத்துக்காக எல்லாவற்றையும் பாலத்துக்கு ஓட்டினேன். பாலத்தின் அகலத்தில் நான்கு பேர்தான் நிற்க முடியும். பின்னால் எத்தனை நின்றாலும் சண்டை அந்த நான்கு பேருக்குத்தான். அண்ணன் வண்ணாரப்பேட்டைக் கரையில் பத்து பேரை வரிசையாக நிறுத்திச் சுட்டுக்கொண்டே இருந்தான்.

“என்னல இது, ஈசலாட்டம் வந்து ஈசலாட்டமே சாவுது!” என்றான்.

“கொஞ்சம் பொறுண்ணே, இன்னும் வருது” என்றேன். வந்தது. அதுவும் செத்தது.

அன்றைக்கு ராத்திரி தாளை எடுத்து வைத்துக் கணக்குப் போட்டேன். அண்ணனின் இன்டர்செஸர் வகை மரீன்கள் பத்து பேர், ஆளுக்கு இரண்டு குண்டு. இருபதில் மூன்றில் இரண்டு பங்கு படும். பட்டதில் மூன்றில் இரண்டு பங்கு காயமாகும். என் படையில் துப்பாக்கி வைத்திருக்கும் சின்னப் பூச்சியான டெர்மகான்ட்டின் ஓடு ஆறில் ஒன்றைத்தான் தடுக்கும். ஆக ஒரு தடவை சுட்டால் சராசரியாக ஏழு டெர்மகான்ட் காலி. திருப்பி இருபது டெர்மகான்ட் சுட்டால் பாதி படும், அதில் மூன்றில் இரண்டு காயமாகும், மரீனின் கவசம் அதிலும் மூன்றில் இரண்டைத் தடுத்துவிடும். மிஞ்சுவது இரண்டு காயத்துக்குச் சற்று மேல். ஒரு மரீன் சாக இரண்டு காயம் வேண்டும். இருபது பேர் சுட்டு ஒருத்தன்! போதாததற்கு மரீன் துப்பாக்கி 24 அங்குலம் எட்டும், என்னுடையது 18தான். எதிரே நின்று சுடுகிற சண்டை என்றால் கூட்டம் தோற்கத்தான் செய்யும், தாயம் எவ்வளவு நன்றாக விழுந்தாலும்.

அடுத்தடுத்த ஆட்டங்களில் சுடுவதையே குறைத்தேன். சுடாமல் பாய்ந்து கிழிக்கும் வகைப் பூச்சிகளான ஹார்மகான்ட்டுகளுக்கு நடையே 10 அங்குலம், ஓடிவிட்டு அதே சுற்றில் பாய்ந்து தாக்கவும் விதி இடம் கொடுக்கிறது. அவற்றை ஆற்றில் இறக்கி, குறுக்குத்துறைப் பக்கமாகச் சுற்றிவரச் செய்தேன். இந்த விளையாட்டில் புள்ளி கொலைக்கு அல்ல, இடத்தில் நிற்பதற்கு. ஓர் இடத்தில் யார் ஆள் அதிகமோ அவருக்கே அது சொந்தம். டவுனிலும் ஜங்ஷனிலும் பேட்டையிலும் கூட்டத்தை விட்டு, அது செத்துக்கொண்டே இருந்தாலும் நகராமல் பார்த்துக்கொண்டேன். ஐந்து சுற்று முடிந்தபோது களத்தில் என் ஆட்கள் கையளவுதான், ஆனால் புள்ளியில் நான் முன்னே.

இதோடு ஜெயித்தாயிற்று என்று நிறுத்தியிருக்கலாம். ஆனால் அண்ணன் பயப்படவில்லை. அவனுக்கு எங்கே அடிக்க வேண்டும் என்று தெரிந்துவிட்டது. அந்தக் களிமண் தலைவனை அடித்தால் போதும். டைரனிட் விதியில் சினாப்ஸ் என்று ஒன்று உண்டு. தலைமை ஜீவனுக்கு 6 அங்குலத்துக்குள் நிற்கிற கூட்டம், மனம் தளர்கிறதா என்ற சோதனையில் இரண்டு தாயத்துக்குப் பதில் மூன்று உருட்டலாம். டெர்மகான்ட்டுக்கு எட்டு வேண்டும். மூன்று தாயத்தில் எட்டோ அதற்கு மேலோ விழ 84 சதவீத வாய்ப்பு. தலைவன் போனதும் இரண்டு தாயம், 42 சதவீதம். சரிபாதியாகக் குறைகிறது. சோதனையில் தோற்ற கூட்டம் இடத்தைப் பிடித்தாலும் கணக்கில் வராது. அண்ணன் ஒரே ஒரு உருவத்தைக் குறிவைத்துச் சுட்டான், நான் பிடித்த இடமெல்லாம் கை நழுவியது.

கதைகளையும் இந்தக் கண்ணோடு திரும்பப் பார்த்தேன். 1985இல் வந்த எண்டர்ஸ் கேம் நாவலில் ராணிகள் அழிந்தால் இனமே வீழ்கிறது. 1997இல் ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ் படத்தில் மூளைப்பூச்சி ஒன்றைப் பிடித்ததுமே மனிதர்கள் கொண்டாடுகிறார்கள். ஸெர்க்குக்கு 1998இலேயே ஓவர்மைன்ட் என்ற ஒற்றைத் தலைமை மூளை வந்துவிட்டது. ஸ்டார் ட்ரெக் தொடரில் வரும் போர்க் (Borg) என்ற பாதி இயந்திரக் கூட்டத்தின் கதைதான் எனக்கு மிகவும் மனவருத்தம். 1989இல் முதன்முதலாக வந்தபோது அவர்களுக்கு முகம் கிடையாது, தலைவர் கிடையாது, யாரோடும் பேரம் பேச முடியாது. அடுத்த வருஷமே வுல்ஃப் 359 சண்டையில் அவர்களின் ஒரே ஒரு கப்பல் எதிரணியின் 39 கப்பல்களை அழித்தது. 1996இல் படத்துக்காக ஒரு ராணியைக் கொண்டுவந்தார்கள். பேசுகிறாள், மயக்குகிறாள், கோபப்படுகிறாள். அருமையான பாத்திரம்தான். ஆனால் அவள் வந்த நிமிஷமே சுடுவதற்கு ஓர் இலக்கு கிடைத்துவிட்டது. கதாசிரியருக்கு வசனம் பேச ஒருவர் வேண்டும், கதாநாயகனுக்குக் கொல்ல ஒருவர் வேண்டும். கூட்டத்தின் பயங்கரம் போவது அங்கேதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நிஜப் பூச்சிகளிடம் இந்தப் பலவீனம் கிடையாது. கடையம் பக்கம் சொந்தக்காரர் தோப்பில் மாமரத்தில் முசுறு கூடு கட்டுவதை வெகுநேரம் நின்று பார்த்தேன். இரண்டு இலைகளுக்கு நடுவே இடைவெளி. ஓர் எறும்பு இலை விளிம்பைக் கவ்வுகிறது, அதன் இடுப்பை இன்னொன்று கவ்வுகிறது, அதன் இடுப்பை வேறொன்று. சங்கிலி எட்டியதும் எல்லாம் சேர்ந்து பின்னால் இழுக்கின்றன. இலைகள் நெருங்கியதும், வாயில் தன் கூட்டத்துப் புழுவைப் பிடித்துக்கொண்டு வேறு எறும்புகள் வருகின்றன. புழு விடுகிற நூலால் இலை தைக்கப்படுகிறது. யாரும் உத்தரவு போடவில்லை. ராணி வேறு ஏதோ ஒரு கூட்டில் முட்டையிட்டுக்கொண்டிருக்கும், அவ்வளவுதான் அதன் வேலை. கிளையைத் தொட்டேன். எந்த எறும்பை அடித்தாலும் கடி நிற்கவில்லை, மரத்தை விட்டு விலகினால்தான் நிற்கும்.

வெட்டுக்கிளியும் அப்படித்தான். ஒரு சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பாலைவன வெட்டுக்கிளிக் கூட்டத்தில் நான்கு கோடி இருக்கலாம். அது ஒரு நாளில் தின்பது 35,000 மனிதர்கள் தின்பதற்குச் சமம் என்று ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு சொல்கிறது. 2020இல் ராஜஸ்தானிலும் மத்தியப் பிரதேசத்திலும் வந்து இறங்கியதே, அதற்குத் தலைவன் யார்? அது யாரோடும் சண்டைக்கு வரவில்லை. வயலுக்கு வந்தது.

இந்த இரண்டையும் வைத்துச் சொந்தமாக விதி எழுதினேன். ஹைவ் டைரன்ட்டை எடுத்துவிட்டேன், கூட்டம் முழுவதற்கும் எப்போதும் மூன்று தாயம். ஒரு குழு முழுசாகச் செத்தால் அடுத்த சுற்றில் மேற்கு ஓரத்திலிருந்து புதிதாக வரும். முக்கியமான விதி மூன்றாவது: ஓர் இடத்தைக் கூட்டம் இரண்டு சுற்று தொடர்ந்து பிடித்திருந்தால், அந்த இடம் தின்று முடிந்தது. அடையாள வில்லையை எடுத்துவிடுவோம். அதற்கப்புறம் அங்கே யாருக்கும் புள்ளி இல்லை. கடைசியில் ஓர் இடமாவது மிச்சமிருந்தால் அண்ணன் ஜெயித்தான்.

ஆட்டமே வேறாகிவிட்டது. முதலில் பேட்டை போனது, அப்புறம் டவுன். அண்ணன் வழக்கம்போலப் பாலத்தில் நின்று சுட்டான், நன்றாகவே சுட்டான், குவியல் குவியலாக எடுத்து வெளியே வைத்தான். ஜங்ஷன் வில்லையை நான் எடுத்தபோதுதான் நிமிர்ந்து பார்த்தான். “ஏல, நான் கொல்லுததுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லையால?” என்றான். அதற்கப்புறம் சுடவில்லை. பாலத்தை விட்டுவிட்டு, ஆட்களைப் பாளைக்கு ஓட்டி, வட்டமாக நிறுத்தினான். அதற்கு முன் எந்த ஆட்டத்திலும் அவன் பின்வாங்கியதே இல்லை. வண்ணாரப்பேட்டையும் போனது. பாளை மட்டும் நின்றது. அவன்தான் ஜெயித்தான், ஆனால் கையில் மிச்சமிருந்த ஆட்களை எடுத்துப் பெட்டியில் வைக்கும்போது ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் தேடிய பயம் அது. தோற்றுக்கொண்டே போனாலும் கூட்டம் அதைக் கொடுக்கிறது, தலை மட்டும் இருக்கக் கூடாது.

இன்னும் சில சரிசெய்ய வேண்டியிருக்கிறது. செத்த குழு முழுசாகத் திரும்புவது அதிகம், பாதி திரும்பினால் போதும் என்று தோன்றுகிறது, தின்ற இடம் எண்ணிக்கைக்குத் தக்கபடி கூட்டிக்கொள்ளலாம். ஆற்றில் வெள்ளம் வருகிற மாதிரி ஒரு சுற்று வைக்க வேண்டும் என்று அண்ணன் கேட்கிறான், ஐப்பசி மழையில் தாமிரபரணி எப்படி வரும் என்று ஊருக்கே தெரியும், அது நியாயமான கோரிக்கை. களிமண் டைரன்ட்டை உடைக்க மனமில்லை. அதை அலமாரியில் வைத்துவிட்டு, இன்னொரு படி புளியங்கொட்டை வாங்கி ஊறப்போட்டிருக்கிறேன்.